பாய் இழைத்த வீடும் படம் எழுதிய குகையும்

கல்முனையை விட்டுத் தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரைப் பெருவீதி, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என ஊர் ஊராகக் கடந்து, ஒரு புறம் கடலும் மறுபுறம் வயலும் களப்புமாகத் தொடர்ந்து, இறுதியில் வந்தடையும் பெரிய ஊர் பொத்துவில். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினராகவும், தமிழர் அவர்களுக்கு அயலவராகவும், பாணமையிலும் லகுகலவிலும் சிங்களவர் பக்கத்து ஊரவராகவும் வாழ்ந்துவரும் இப்பிரதேசத்தை, அறுகம்பையின் அலைகளைத் தேடி வருகின்ற அந்நிய தேசத்தார் நன்கு அறிவர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்களும், உகந்தைமலை முருகனை வணங்கிக் காட்டுவழியில் இறங்குவதற்கு முன் தங்கிச் செல்லும் ஊராக இதனை அறிவர். ஆனால் சித்திரக் கலையின் சரித்திரத்தைக் கற்கப் புகும் ஒருவர் தமது கல்வியைப் பொத்துவிலிலிருந்து தொடங்கலாம் என்று சொன்னால், இவ்வூரவரே அதனை வியப்புடன் கேட்பார்கள். கலைச்சரித்திரம் என்பது அநுராதபுரத்திலும் சிகிரியாவிலும் இத்தாலி தேசத்திலும் நிகழ்ந்த ஒன்று என்றும், அதனைப் பாடப்புத்தகத்தின் மங்கிய படங்களில் பார்த்துப் பரீட்சைக்கு முன் மனனம் செய்ய வேண்டும் என்றும் நம் பிள்ளைகள் நெடுங்காலமாகப் பழக்கப்பட்டுவிட்டார்கள். இக்கல்வி ஒரு காலத்தில் வீட்டுக்குள்ளே, தாயும் மகளும் தந்தையும் மகனும் ஒருங்கிருந்து கையால் செய்து பயின்ற ஒன்றாக இருந்தது என்பதையும், அந்த வழக்கத்தின் அடையாளங்கள் இக்கரையில் இன்னும் அழியாமல் கிடக்கின்றன என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிழக்கிலங்கை முஸ்லிம் சமூகத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கு, இங்கே வீடு என்பது பெண்ணுக்கு உரியது என்பது தெரிந்ததே. குடி என்னும் வமிசப் பிரிவு தாய் வழியாகவே வருகிறது. மகளுக்குக் கலியாணம் செய்யும்போது வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் இக்கரை முழுவதும் நிலவும் வழக்கம். அயலிலுள்ள தமிழரிடையேயும் இவ்வழக்கமே பெரும்பாலும் காணப்படுகிறது. சட்டமும் சமூகவியலும் பேசுகின்ற இச்செய்தியில் கலையைப் பற்றிய ஓர் உண்மையும் அடங்கியிருக்கிறது என்பதே என் எண்ணம். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும்போது, அவ்வீட்டுத் திண்ணையில் நடந்த தொழிலும் இடம் பெயராமல் அதே கூரையின் கீழ் அடுத்த தலைமுறையின் கைக்கு வந்து சேர்கிறது. புருஷன் வீட்டுக்குப் போய் மாமியாரின் முறையைப் புதிதாகப் பழக வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாததால், மூத்தம்மாவின் கைநேர்த்தி பேத்தியின் கையில் சிதைவில்லாமல் தொடர்வதற்கு இடமிருந்தது.

அத்தொழில்களில் முதன்மையானது பன்பாய் இழைத்தல். சதுப்பு நிலங்களிலும் குளக்கரைகளிலும் வளரும் பன் என்னும் கோரையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, ஒரு பகுதியை அதன் இயற்கை நிறத்திலேயே வைத்துக்கொண்டு, மறு பகுதியைச் சாயத்தில் காய்ச்சி எடுத்து, நிலத்தில் அமர்ந்து இழைக்கும் இக்கைவேலையை, அக்கரைப்பற்று முதல் காத்தான்குடி வரையுள்ள ஊர்களில் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கின்றனர். சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக நிறமேறிய பன்னை, நிறமேறாத பன்னோடு எண்ணி எண்ணிக் கோக்கும்போது பிறக்கின்ற உருவங்களைக் கவனித்தால், அவற்றில் வளைவு என்பதே இல்லாதிருப்பதைக் காணலாம். பன் நேராகவே ஓடும். குறுக்கே வருவதும் நேராகவே வரும். ஆகவே பூவோ கொடியோ எதுவானாலும், படிப்படியாக ஏறி இறங்கும் கோடுகளாகவும், சாய்சதுரங்களாகவும், அவை ஒன்றை ஒன்று அணைத்து விரியும் வரிசைகளாகவும் மாறித்தான் பாயில் அமர முடியும். ஒரு பொருளின் உருவத்தை வெட்டிச் சுருக்கி, அதன் சாரத்தை மட்டும் நிறுத்துகின்ற இவ்வித்தையை மேனாட்டு ஓவியர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் புரட்சியாகக் கொண்டாடினர். நம் ஊர்ப் பெண்களோ அதனைத் தொழிலின் இயல்பான நியமமாகவே அறிந்திருந்தார்கள்.

பாயை எவ்வாறு பயின்றார்கள் என்பது அதனை எவ்வாறு இழைத்தார்கள் என்பதைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்கிறது. இதற்குப் புத்தகம் கிடையாது. கோடிட்ட தாளும் கிடையாது. மூத்தம்மா இழைத்த பழைய பாய் ஒன்றே மாதிரி. அதனைப் பக்கத்தில் விரித்து வைத்து, உம்மா ஒரு வரிசையை இழைத்துக் காட்ட, ராத்தா அடுத்த வரிசையைத் தொடர, எத்தனை நிறப்பன்னுக்கு எத்தனை வெள்ளைப்பன் என்று சிறுமி வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருக்க, பல கைகள் ஒரே பாயின்மேல் கூடி நடந்த கல்வி இது. பழையதைப் பார்த்துப் புதியதைச் செய்யும்போது, இந்த வேலை யாருடையது, யாருடைய கலியாணத்துக்கு இழைத்தது, இந்தச் சிவப்பு ஏன் இப்போது கிடைப்பதில்லை என்ற கேள்விகள் தாமாகவே எழுந்தன. மரப்பட்டையிலிருந்து காய்ச்சிய சாயம் போய்க் கடையில் விற்கும் சாயப்பொடி வந்த கதையும், வயலுக்காகச் சதுப்பைத் திருத்தியதால் பன் அருகிய கதையும் அவற்றுக்கு விடையாக வந்தன. கலைச்சரித்திரம் என்று நாம் பெருமிதமாகச் சொல்வது, மாதிரி ஒன்றை ஆழ்ந்து நோக்கி, அதன் காலத்தையும் கருத்தாவையும் மூலப்பொருளையும் வினவுவதே அல்லவா? அதனை இவ்வீடுகள் பெயரிடாமலே நடத்திவந்தன.

பாயோடு நின்றுவிடவுமில்லை. பெருநாளுக்கு முந்திய இரவில், அரைத்த மருதோண்டியைப் பிள்ளைகளின் உள்ளங்கைகளில் பெரியவர்கள் வைத்துவிடுவதும், மணப்பெண்ணின் கைக்கு அதனையே இன்னும் நுணுக்கமாக இடுவதும் குடும்பத்துக்குள்ளே நிகழும் சித்திர வேலைகளே. தைப்பொங்கல் விடியலில் அயல் தமிழ் வீடுகளின் முற்றத்தில் தாய் இடும் கோலமும் அவ்வாறே. கல்முனைக்கு வடக்கே மருதமுனையில், தறியை வீட்டோடு சேர்த்து வைத்து நெசவு செய்த குடும்பங்களில், நூல் சுற்றுவது ஒருவர், பாவு ஓட்டுவது ஒருவர், தறியில் இருப்பது ஒருவர் என்று வேலை பகிரப்பட்டதனால், சாரத்தின் கரைக்கு எந்த நிறத்தின் அருகில் எந்த நிறம் பொருந்தும் என்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் உரிய அறிவாயிற்று.

இன்னும் பழமையான ஓர் உதாரணம் காட்டுக்குள் இருக்கிறது. பொத்துவிலுக்கு மேற்கே உட்பகுதியில், ஊவாவை நோக்கி விரியும் வனங்களில், வேடர் சமூகத்தாரிடையே 1907, 1908-ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சி செய்த சார்ல்ஸ் செலிக்மன் என்பவரும் அவர் மனைவி பிரெண்டாவும், 1911-இல் வெளியிட்ட தங்கள் நூலில், குகைச்சுவர்களில் எழுதப்பட்டிருந்த உருவங்களைப் பற்றி விவரித்திருக்கிறார்கள். வில் தாங்கிய மனிதர், நாய்கள், சிறுத்தை, காட்டு விலங்குகள், தேன் சேர்க்கும் தோற்பை ஆகியவை சாம்பலை உமிழ்நீரில் குழைத்து விரலால் எழுதப்பட்டிருந்தன. வேட்டைக்குச் சென்ற ஆண்கள் திரும்பும் வரை காத்திருந்த பெண்களே அவற்றை எழுதினார்கள் என்று அத்தம்பதிகள் கேட்டறிந்து பதிவு செய்துள்ளனர். குகையில் இருந்த பெண்கள் எழுதியது தங்கள் குடும்பத்தின் அன்றைய வாழ்க்கையையே. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மடியிலும் காலடியிலும் கிடந்த குழந்தைகளாகவே இருந்திருப்பார்கள். கடற்கரைத் திண்ணையில் பாய் இழைத்த கைகளுக்கும் காட்டுக்குகையில் சாம்பல் குழைத்த கைகளுக்கும் இரத்த உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் இப்பிரதேசத்தில் உருவம் எழுதும் கலை பெண்களின் கையிலும் குடும்பத்தின் நடுவிலும் இருந்தது என்பதற்கு இவ்விரண்டும் சாட்சிகளாகின்றன.

தமிழ் இலக்கியத்தில் இதற்கு ஒரு பேரழகான சான்று உண்டு. எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய பரிபாடலின் 19-ஆம் பாடல், நப்பண்ணனார் செய்தது, திருப்பரங்குன்றத்து முருகனை வழிபட மதுரையிலிருந்து திரண்டு வந்த மக்களை வருணிக்கிறது. வழிபாடு முடித்தவர்கள் அங்கே சித்திரங்கள் தீட்டப்பெற்றிருந்த மண்டபத்தில் நுழைகிறார்கள். வானத்துக் கோள்களின் நிலையைக் காட்டும் படத்தைச் சிலர் ஆராய்கிறார்கள். இரதியையும் காமனையும் எழுதியிருக்கும் இடத்தில் நின்று, இவள் யார், இவன் யார் என்று ஒருவர் வினவ, அறிந்தவர் விடையிறுக்கிறார். பூனையாக உருமாறிய இந்திரனையும், அகலிகையையும், சினந்து வந்த கௌதமனையும், அவள் கல்லாகிய காட்சியையும் ஒருவர் ஒருவருக்குச் சுட்டிக் காட்டி விளக்குகிறார்கள். சுவர்ச் சித்திரத்தின் முன் உறவும் நட்புமாகக் கூடி நின்று வினாவும் விடையுமாகக் கற்கும் முறை, கண்காட்சிச் சாலைகளும் வழிகாட்டிகளும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது என்பதை எண்ணும்போது உள்ளம் நிறைகிறது.

உருவம் எழுதுவதில் இஸ்லாமிய மரபுக்குரிய தயக்கத்தை இவ்விடத்தில் குறிப்பிடாமல் செல்வது முறையாகாது. பள்ளிவாசலின் சுவர்களில் உயிருள்ளவற்றின் உருவம் இடம்பெறுவதில்லை. வீடுகளிலும் அதனைத் தவிர்ப்போர் பலர். அவ்வொழுக்கம் எழுத்தணியையும், முடிவின்றி விரியும் கணிதக் கோலங்களையும், இலைக்கொடி வேலைப்பாட்டையும் உலகில் வேறெங்கும் காணாத உயரத்துக்குக் கொண்டு சென்றது. பன்பாயின் சாய்சதுரங்களும் அவ்வொழுக்கத்துக்கு இசைந்தே நிற்கின்றன. மறுபுறம், முஸ்லிம் அரசவைகளில் சித்திரக்கலை சிறந்து வளர்ந்ததும் சரித்திரம். பாரசீகத்திலிருந்து அப்துஸ் ஸமத் என்னும் ஓவியர் 1549-இல் காபூலுக்கு வந்து சேர்ந்தபோது, ராஜ்யத்தை இழந்து அங்கே தங்கியிருந்த ஹுமாயூன் பாதுஷா தாமும் சித்திரம் பயின்று, 1542-இல் பிறந்த சிறுவராகிய தம் மகன் அக்பரையும் பயிலச் செய்தார். மகன் தான் எழுதிய படத்தைத் தந்தையிடம் சமர்ப்பிக்கும் காட்சியை அப்துஸ் ஸமத்தே தீட்டியிருக்கிறார். அது இன்று தெஹ்ரான் நகரில் உள்ளது. அக்பரின் காலத்தில் எழுந்த மாபெரும் சித்திரசாலைக்கு விதை, நாடிழந்த ஒரு தந்தையும் அவர் பிள்ளையும் சேர்ந்து பயின்ற அந்நாட்களில் விழுந்தது. அதே மரபில், ஆகா ரிஸா என்னும் ஓவியரின் மகன் அபுல் ஹஸன், தமது 13-ஆம் வயதில், 1600-ஆம் ஆண்டில், ஜெர்மன் தேசத்து ஆல்பிரெஹ்ட் டியூரர் 1511-இல் செதுக்கிய படம் ஒன்றிலிருந்து ஓர் உருவத்தைப் பார்த்து எழுதினார். தந்தையின் பட்டறையில் வளர்ந்த ஒரு சிறுவன், கடல் கடந்து வந்த அச்சுப்படத்தின் ஒவ்வொரு மடிப்பையும் கோட்டால் தொடர்ந்து சென்று, ஐரோப்பியர் ஒளியையும் நிழலையும் கையாண்ட விதத்தைத் தன் விரலால் அறிந்துகொண்ட அந்தச் சிறு தாளை, நான் பெரிய நூல்களுக்குச் சமமாக மதிக்கிறேன்.

பார்த்து எழுதுவது தாழ்ந்த வேலை, சுயமாகச் சிருஷ்டிப்பதே உயர்ந்தது என்ற எண்ணம் இக்காலத்தில் பரவியிருக்கிறது. நம் தேசங்களின் சித்திரச் செல்வத்தை மீட்டுத் தந்தவர்கள் பார்த்து எழுதியவர்களே. அஜந்தாவில் ரொபர்ட் கில் என்பவர் 1844 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அமர்ந்து எழுதிய பிரதிகளில் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் பளிங்கு மாளிகையில் தீக்கிரையாயின. பின்னர் ஜோன் கிரிபித்ஸ் பம்பாய்க் கலைக்கல்லூரி மாணாக்கரோடு 1872 முதல் எழுதிய படங்களிலும் பல 1885-இல் லண்டனிலேயே நெருப்புக்கு இரையாயின. இவ்வளவுக்குப் பின்னும், 1909 முதல் 1911 வரை கிறிஸ்டியானா ஹெரிங்ஹம் அம்மையார் மூன்றாம் முறையாக அவ்வேலையை மேற்கொண்டார். நந்தலால் போஸ், அசித் குமார் ஹல்தார், வெங்கடப்பா ஆகிய இளைஞர்களும், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸையித் அஹ்மதும் அவருக்குத் துணை நின்றனர். வௌவால்கள் வாழ்ந்த இருட்குகையில், மங்கிய சுவரின் முன் நாள் முழுவதும் நின்று கோட்டைத் தொடர்ந்த அந்தக் கல்வியின் பயன், பிற்காலத்தில் நந்தலால் சாந்திநிகேதனத்தில் உருவாக்கிய சுவரோவியங்களில் வெளிப்பட்டது.

இலங்கையிலும் அவ்வாறே. சிகிரியாக் குன்றின் நடுவே, மனிதர் எட்டவொண்ணாத பள்ளத்தில் இருந்த ஓவியங்களை 1889-இல் மரே என்ற பொறியியலாளர் ஏறி நின்று பிரதி செய்தார். 1896-லும் அதற்கடுத்த ஆண்டிலும், எச். சி. பி. பெல் அவர்களின் தொல்பொருட் பணியில் இருந்த டி. ஏ. எல். பெரேரா, அந்தரத்தில் தொங்கிய மேடையில் அமர்ந்து அவற்றைத் தைலவர்ணத்தில் எழுதினார். கொழும்பு நூதனசாலையின் செல்வங்களில் அவையும் சேர்ந்தன. 1967-இல் விஷமிகள் சிலர் மூல ஓவியங்களின்மேல் வர்ணத்தைப் பூசிச் சேதப்படுத்தியபோது, ஒருவர் பொறுமையோடு எழுதி வைத்த பிரதி ஒரு தேசத்துக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பது யாவர்க்கும் விளங்கியிருக்கும். அக்குன்றின் பளிங்குச் சுவரில், ஓவியங்களைக் காண வந்த பழங்காலத்து மக்கள் தங்கள் ரசனையைச் செய்யுளாகக் கீறி வைத்த 685 பாடல்களைச் சேனரத் பரணவிதான வாசித்து 1956-இல் பதிப்பித்தார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். திருப்பரங்குன்றத்தில் வாயால் நிகழ்ந்த உரையாடல் சிகிரியாவில் சுவரில் நிகழ்ந்திருக்கிறது.

இந்நாட்டுக் கைவினைகளின் சரித்திரத்தை முதன்முதலில் நிறைவாக எழுதிய ஆனந்த குமாரசுவாமியும் தனியாக அதனைச் செய்யவில்லை. கனிப்பொருள் ஆராய்ச்சிப் பணிக்காக மாட்டுவண்டியில் கிராமங்கள்தோறும் சென்ற காலத்தில், அவர் கைவினைஞரை வினவிக் குறிப்பெடுக்க, அவர் மனைவி எதெல் புகைப்படம் எடுத்தும், தையல் வேலைகளைக் கற்றும் உடன் உழைத்தார். 1908-இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் அவ்விருவருடைய கூட்டு முயற்சியின் பயன். எதெல் அம்மையார் பின்னர் இங்கிலாந்தில் கைத்தறி நெசவிலும் தாவரச் சாயங்களிலும் புகழ்பெற்ற ஆசிரியை ஆனார். 1916-இல் சாயங்களைப் பற்றி நூலும் எழுதினார். அவர் இக்கரைக்கு வந்து பன்பாய்க்குச் சாயம் காய்ச்சும் ஓர் உம்மாவோடு ஒரு பகற்பொழுது அமர்ந்திருந்தால் எவ்வளவு எழுதியிருப்பார் என்று நான் ஏக்கத்தோடு எண்ணுவதுண்டு.

பாடசாலைகளில் சித்திரக் கல்வி உயிர்பெற்றது 1920-இல் சார்ல்ஸ் பிரீகுரோவ் வின்சர் சித்திரப் பரிசோதகராக வந்த பிறகே. அவர் தந்த ஊக்கத்தில் வளர்ந்த எஸ். ஆர். கனகசபை, 1938-இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் பெயராலேயே ஒரு கலைக்கழகம் நிறுவினார். கொழும்பில் கோரா ஏபிரகாம் அம்மையார் 1949-இல் சிறுவர்க்கான சித்திர வகுப்புகளைத் தொடங்கி, பிள்ளைகளைத் தம் மனப்போக்கில் வரையவிட்டார். இவை யாவும் போற்றத்தக்கன. ஆயினும் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் கிடைத்தவை கிழக்குக் கரைக்கு எளிதில் வந்து சேரவில்லை. அதற்காக நாம் கையற்று இருக்க வேண்டியதில்லை. காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்து போன யாழை நூல்களிலிருந்து மீட்டெடுத்து, 1947-இல் ‘யாழ் நூல்’ தந்தார். அவரைத் தந்த கரைக்கு ஒரு பாயின் கோலத்தை மீட்டெடுப்பது பெரிய காரியமா?

பொத்துவிலில் ஒரு குடும்பம் இதனைத் தொடங்க விரும்பினால், பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பழைய பாயை முதலில் விரிக்கலாம். கட்டமிட்ட கணக்குக் கொப்பியில் ஒரு கட்டத்துக்கு ஒரு பன் என்று வைத்து, வாப்பா எண்ணிச் சொல்லப் பிள்ளைகள் நிறம் தீட்டினால், ஒரு மாலைக்குள் அக்கோலத்தின் இலக்கணம் முழுவதும் தாளில் வந்துவிடும். மூத்தம்மா உயிரோடிருக்கும் வீடுகளில், தாளில் நேர்ந்த பிழையை அவர் கண்ட மாத்திரத்திலேயே காட்டிவிடுவார். அடுத்து, ஊரின் கடற்கரை மணல்மேட்டில் நிற்கும் முகுது மகா விகாரையின் கற்றூண்களையும் அங்குள்ள பழஞ்சிலைகளையும் பார்க்கலாம். உருவம் எழுத மனமில்லாதவர்கள் தூண்களின் வரிசையை எழுதலாம். அவற்றின் இடைவெளியை அளந்து எழுதினாலே மறைந்துபோன மண்டபத்தின் தளவமைப்பு தாளில் எழும்.

பின்னர் லகுகல வீதியில் மகுல் மகா விகாரைக்குச் செல்லலாம். அங்குள்ள சந்திரவட்டக்கல்லில் வரிசையாகச் செல்லும் யானைகளின்மேல் பாகர்கள் ஏறியிருக்கிறார்கள். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கற்களின் யானைகள் பாகரின்றியே செல்கின்றன. பாடப்புத்தகத்துப் படத்தை ஒரு முறை எழுதிப் பழகிய பிள்ளை, இங்கே பென்சிலை வைத்ததும் இவ்வேற்றுமையைத் தானே கண்டுகொள்ளும். ஏன் என்று கேட்கும். தந்தையும் தாயும் அதனோடு சேர்ந்து தேட வேண்டியிருக்கும். அவ்விடத்திலேயே 14-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றும் நிற்கிறது. தாதுசேன மன்னன் கட்டிய அவ்விகாரை பாழடைந்து கிடந்ததைக் கண்டு, பராக்கிரமபாகு என ஒரே பெயர் தாங்கிய சகோதர மன்னர் இருவரின் பட்டத்தரசியாகிய விகாரமகாதேவி அதனைப் புதுப்பித்தாள் என்று அது கூறுகிறது. அத்தாதுசேனனின் மகன் காசியப்பனே தந்தையைக் கொன்று அரசேறிச் சிகிரியாவில் அவ்வோவியங்களைத் தீட்டுவித்தவன் என்பதைப் பெற்றோர் சொல்லும்போது, பாடப்புத்தகத்திலே தூரத்தில் இருந்த சிகிரியா பொத்துவிலுக்கு வெகு அருகில் வந்துவிட்டதாகப் பிள்ளைக்குத் தோன்றக்கூடும். விகாரையைப் புதுப்பித்தவள் ஓர் அரசி என்று கேட்ட சிறுமி, வீட்டுக்குத் திரும்பியதும் மூத்தம்மாவின் பாயை அவிழ்த்து, இழை அறுந்த இடத்தைத் தானே கோக்கலாமா என்று உம்மாவைக் கேட்டால், அதற்கு வேண்டிய பன் இன்னும் சில வயற்கரைகளில் கிடைக்கிறது.